பங்காளி பக்கத்து வீட்டுக்கு வந்தால்...

பாகப் பிரிவினை ஆகித் தனிக் குடித்தனம் போன தம்பி ஒருவன், பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் எழுந்து வாசலுக்கு வருகிறான். காலியாயிருந்த பக்கத்து வீட்டு வாசலில் புதிதாகக் கோலம் போட்டிருக்கிறது. வண்டியிலிருந்து சாமான்கள் இறங்கிக் கொண்டிருக்கின்றன. குடி வருகிறவர் யாரென்று எட்டிப் பார்த்தால், யாருடைய நிழல் மேலே படக் கூடாதென்று ஊர் விட்டு ஊர் வந்தானோ, அதே தமையனார்! "இனிமேல் நமக்கென்ன குறைச்சல்? அண்டை அயலில் இருந்தால் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்தாசை!" என்று சொல்லிக் கொண்டே அவர் திண்ணையில் வந்து உட்காருகிறார். அந்தச் சமயத்தில் தம்பியின் மனோநிலை எப்படியிருக்கும் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த நமது நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி நடந்தது ஏறக்குறைய இதுதான். குடி வந்தவர் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் சர்வகலாசாலை. திகைத்து நின்றவர் அங்கிருந்து சுமார் 100 மைல் தூரத்தில் காலேஜ் ஸ்டேஷன் என்னும் ஊரிலுள்ள டெக்ஸாஸ் ஏ அண்டு எம் சர்வகலாசாலை. தகராறுக்குக் காரணம் புட்பால்.

புட்பால் என்றதும் நம்மவர்கள் உருண்டைப் பந்தையும் இரண்டு கோல் கம்பங்களையும் நினைத்துக் கொள்ள வேண்டாம். அமெரிக்கர்களின் புட்பால் முட்டை வடிவமானது. பெரும்பாலும் கையினால் ஆடப்படுவது. காலால் உதைப்பது எப்போதாவதுதான் நடக்கும். அப்படியிருந்தும் அதற்குப் புட்பால் என்று பெயர். பெயர் விஷயத்தில் அமெரிக்கர்கள் சங்கடப்படுவதே இல்லை. கல்லூரிகள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து தங்களுக்குள் பந்தயம் ஆடுவதற்கு ஏற்படுத்திக் கொள்ளும் கூட்டுக்குக் கான்பரன்ஸ் என்று பெயர். சௌகரியத்துக்காக நாம் அதைச் சங்கம் என்றே சொல்லுவோம். 'பெரிய பத்து' என்னும் சங்கத்தில் இப்போது 18 கல்லூரிகள் இருக்கின்றன. 'பெரிய பன்னிரண்டு' என்னும் சங்கத்தில் 16. பசிபிக் சமுத்திரக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலை, 2024 முதல் 'அட்லாண்டிக் கரைச் சங்க'த்தில் ஆடி வருகிறது. கணக்கும் பூகோளமும் போதிக்கிற ஸ்தாபனங்கள்தான் இவை என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது.

ஏ அண்டு எம் 1876-ல் விவசாயமும் இயந்திர வித்தையும் கற்பிப்பதற்கென்று திறக்கப்பட்டது. ஆஸ்டின் சர்வகலாசாலை 1883-ல்தான் பிறந்தது. வயதில் இளையதானாலும் பணத்திலும் பவிஷிலும் ஆஸ்டின்தான் எப்போதும் மூத்தாள். இரண்டு கல்லூரிகளும் 1894-ல் முதன்முதலாக மோதின. 1915 முதல் 2011 வரையில் ஒரு வருஷம் கூட விடாமல் ஆடின. ஒரு கல்லூரியின் பாட்டில் மற்றதைப் பரிகாசம் செய்யாமல் பாட்டு முடியாது. இவ்வளவு தூரம் ஒருவரையொருவர் மனத்தில் வைத்துக் கொண்டிருப்பவர்களைப் பகைவர்கள் என்று சொல்லுவதா, சொந்தக்காரர்கள் என்று சொல்லுவதா என்பது நமக்கு விளங்கவில்லை.

மாட்டுச் சமாசாரம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. ஆஸ்டின்காரர்களுக்கு நீண்ட கொம்புடைய காளை ஒன்று சின்னம். பீவோ என்று அதற்குப் பெயர். 1915-ல் ஏ அண்டு எம் 13-க்கு 0 என்ற கணக்கில் ஆஸ்டினைத் தோற்கடித்திருந்தது. 1917-ல் ஒரு நாள் அந்தக் கல்லூரி மாணவர்கள் சிலர் போய், பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் அந்தக் காளையின் விலாவில் '13-0' என்று சூடு போட்டுவிட்டார்கள்! பிறகு முதல் மகா யுத்தம் வந்தது. காளைக்குத் தீனி போடுவது பெரிய செலவாகிவிட்டது. கடைசியில் 1920-ல் அதை அறுத்து விருந்து வைத்தார்கள். அந்த விருந்துக்கு யாரை அழைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சூடு போட்ட கல்லூரிக்காரர்களைத்தான்! வந்தவர்களுக்கு '13-0' என்று எழுதிய பக்கத்துத் தோலையே மரியாதையாகக் கொடுத்தனுப்பினார்களாம். மாமிச போஜனம் நமக்குச் சம்மதமில்லை. காளைக்கு நேர்ந்த கதியும் பரிதாபமே. ஆனாலும், தோல்விக் கணக்கைத் தோலோடு உரித்து எதிரியின் கையிலேயே கொடுக்கும் ரசிகத்தன்மையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட உறவு எப்படி முறிந்தது? முதலில் இரு கல்லூரிகளும் தென்மேற்குச் சங்கத்தில் இருந்தன. அது கலைந்ததும் 1996-ல் 'பெரிய பன்னிரண்டில்' சேர்ந்தன. அங்கே மூத்தாளின் கை மேலோங்கிற்று. 2011-ல் ஆஸ்டின் தன் ஆட்டங்களைக் காட்டுவதற்கென்றே ஒரு தனி டெலிவிஷன் நிலையத்தை ஏற்படுத்திக் கொண்டது. அதற்காக 20 வருஷத்தில் 30 கோடி டாலர் என்று ஒப்பந்தம். சமையல் ஒரே அடுப்பில். நெய் மட்டும் ஒருவர் இலையில் என்றால் எந்தக் குடும்பம் நிலைக்கும்? ஏ அண்டு எம் கோபித்துக் கொண்டு 2012-ல் தென்கிழக்குச் சங்கத்துக்குப் போயிற்று. "நீ போனால் போ, எங்கள் அட்டவணையில் உனக்கு இனி இடமில்லை" என்று ஆஸ்டின் கதவைச் சாத்திற்று. 2011 நவம்பரில் நடந்த கடைசிப் பந்தயத்தில், கடிகாரம் நிற்கிற சமயத்தில் உதைத்த ஓர் உதையினால் ஆஸ்டின் 27-க்கு 25 என்று ஜயித்தது. அந்தக் கசப்பை வாயில் வைத்துக் கொண்டே ஏ அண்டு எம் பன்னிரண்டு வருஷம் கழித்தது.

புது வீட்டில் முதல் வருஷம் அமோகமாயிருந்தது. ஜானி மான்ஸல் என்னும் இளைஞர், அப்போது முதல் ஸ்தானத்திலிருந்த அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே 29-க்கு 24 என்று தோற்கடித்தார். அவ்வருஷத்திய ஹைஸ்மன் பரிசும் அவருக்கே கிடைத்தது. ஆனால் கல்லூரியின் மனத்துக்கு அதிக திருப்தியளித்த விஷயம் வேறு. தென்கிழக்குச் சங்கத்தில் டெக்ஸாஸ் ராஜ்யத்துக் கல்லூரி அது ஒன்றே! பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடும் பையன்களின் வீட்டுக்குப் போய், "அலபாமாவோடும் ஜார்ஜியாவோடும் மோத வேண்டுமா? உன் தாயார் பார்க்கும்படியாகச் சொந்த ராஜ்யத்திலிருந்தே மோத வேண்டுமா? அதற்கு எங்களை விட்டால் கதியில்லை" என்று சொல்ல முடிந்தது. இந்த வாக்கியத்தின் விலை எத்தனை கோடி டாலர் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

2021 ஜூலையில் அந்த வாக்கியத்துக்கு முடிவு வந்தது. ஆஸ்டினும் ஓக்லஹாமாவும் தென்கிழக்குச் சங்கத்தில் சேர விரும்புவதாக ஒரு பத்திரிகையில் செய்தி வெளியாயிற்று. ஏ அண்டு எம் கல்லூரியின் விளையாட்டு அதிகாரி, இந்த ராஜ்யத்தில் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் தாங்கள் மட்டுமே என்றிருப்பதே தங்கள் விருப்பம் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஒரு வாரம் ஆயிற்று. வோட்டு எடுத்தார்கள். 14 கல்லூரிகளும் சம்மதம். ஏ அண்டு எம் உள்பட! கல்யாணத்துக்கு வேண்டாவெறுப்பாக வந்தவரும் அட்சதை போடத்தான் வேண்டியிருக்கிறது. பழைய சங்கத்திலிருந்து ஒரு வருஷம் முன்னதாகவே வெளியேறுவதற்கு ஆஸ்டினும் ஓக்லஹாமாவுமாகச் சேர்ந்து 10 கோடி டாலர் ஈடு கொடுக்க ஒப்புக் கொண்டன.

பரம்பரைப் போட்டியாளன் நமது சங்கத்துக்கே வந்து சேருவதால் நமது கட்சிக்கு நன்மையா, தீமையா? இதைப் பற்றி அமெரிக்கர்கள் இன்னும் ஓயாமல் விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள்.

நன்மை என்று சொல்லுவோர் முதலில் பணத்தைக் காட்டுகிறார்கள். பெரிய கல்லூரி வந்தால் டெலிவிஷன் கம்பெனிகள் அதிகம் கொடுக்கும். அது பொதுப் பையில் விழுந்து பெரும்பாலும் சமமாகப் பதினாறு வீட்டுக்கும் பங்காகும் என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பணம் பதினாறு பேருக்கும் ஒரே அளவாக வந்தால் ஒருவருக்கும் அதனால் மற்றவர் மேல் அனுகூலம் இல்லை. ஏற்றம் இறைக்கிறவர்கள் எல்லாரும் ஒரு சாண் உயரம் கூடினால் கிணறு ஆழம் குறைந்து போகுமா? அந்தக் கோடிகளை வைத்துக் கொண்டு வெளிச் சங்கத்தாரை மிரட்டலாம். பக்கத்து வீட்டுக்காரரை மிரட்ட முடியாது. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே, வருஷத்துக்கு இரண்டு கோடி டாலருக்குச் சற்று அதிகமான உச்சவரம்புக்குள், பணம் கொடுக்கலாம் என்றும் ஆகிவிட்டது. ஆகையால் பையனின் தாயாரிடம் பேசும் இனிய வாக்கியங்களுக்கு முன்போல் மதிப்பும் இல்லை.

இரண்டாவதாக, பலசாலியோடு பழகினால் நாமும் பலசாலியாவோம் என்கிறார்கள். குஸ்திப் பள்ளிக்கூடத்தில் இது சரியாக இருக்கலாம். ஏ அண்டு எம் பன்னிரண்டு வருஷம் அலபாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. இந்தக் காலத்தில் ஒரு தடவையாவது சங்கத்தின் இறுதிப் பந்தயத்துக்கு அட்லாண்டா போனதா என்றால், இல்லை. அந்தக் கல்லூரி எந்தச் சங்கத்திலும் கடைசியாகப் பட்டம் வாங்கியது 1998-ல். தேசியப் பட்டம் வாங்கியது 1939-ல். பலசாலியின் பக்கத்தில் நின்றால் நிழல் கிடைக்கும். பலம் கிடைப்பதில்லை என்றே தோன்றுகிறது.

மைதானத்துக் கணக்கைப் பார்த்தாலோ விஷயம் இன்னும் தெளிவு. சங்கத்துக்குள் ஒருவர் ஜயித்தால் மற்றொருவர் தோற்றே ஆக வேண்டும். 2024 நவம்பர் 30-ந் தேதி இரண்டு கல்லூரிகளும் பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு காலேஜ் ஸ்டேஷனில் சந்தித்தன. லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஜயித்தவர் அட்லாண்டா போகலாம் என்று இருந்தது. ஆஸ்டின் 17, ஏ அண்டு எம் 7. முதன்முதலாக அட்லாண்டா போகும் வாய்ப்பை ஏ அண்டு எம்மிடமிருந்து பறித்தவர் யார் பாருங்கள்! அலபாமா அல்ல, ஜார்ஜியா அல்ல.

அடுத்த வருஷக் கதை இன்னும் பரிதாபம். 2025-ல் ஏ அண்டு எம் ஆடிய 11 பந்தயங்களிலும் ஜயித்து, ஒரு களங்கமும் இல்லாமல் நவம்பர் 28-ந் தேதி ஆஸ்டின் நகரத்துக்குப் போயிற்று. ஆஸ்டின் கட்சி அதற்குள் மூன்று பந்தயங்களில் தோற்று, மனமுடைந்து கிடந்தது. அப்படிப்பட்ட கட்சி 27-க்கு 17 என்று ஜயித்துவிட்டது. மறுபடியும் அட்லாண்டா கைநழுவிற்று. தேசியப் பட்டத்துக்கான 12 கட்சிகளின் பந்தய வரிசையில் ஏ அண்டு எம்முக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் முதல் சுற்றிலேயே சொந்த மைதானத்தில் மையாமியிடம் 10-க்கு 3 என்று தோற்றது. ஆஸ்டினுக்கோ அந்த வரிசையில் இடமே கிடைக்கவில்லை. தனக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் தம்பியின் இலையில் பாயசம் விழாமல் தடுத்துவிட்ட தமையனைப் பற்றிக் கதைகளில் படித்திருக்கிறோம். இங்கே கண்ணாலேயே பார்த்தோம்.

ஆகவே, கட்சிக்கு நன்மை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அட்டவணையில் ஆஸ்டினுக்குப் பதிலாக அதே சங்கத்து வேறு ஏதாவது சாதாரணக் கட்சி இருந்திருந்தால், ஏ அண்டு எம் இரண்டு தடவையாவது அட்லாண்டா பார்த்திருக்கக் கூடும்.

அப்படியானால் ஆஸ்டின் வராமலே இருந்திருக்கலாமா? அதுதான் இல்லை. இந்த இடத்தில் நன்மைக் கட்சியாரும் தீமைக் கட்சியாரும் சேர்ந்தே ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

1909-லிருந்து ஏ அண்டு எம் மாணவர்கள், ஆஸ்டினுடன் பந்தயம் நடப்பதற்கு முன்னால் ஒரு பெரிய சொக்கப்பானை கொளுத்துவது வழக்கம். நம் ஊர்க் கார்த்திகைச் சொக்கப்பானை அதன் பக்கத்தில் ஓர் அகல் விளக்கு. ஆயிரக்கணக்கான மரங்களை மாணவர்கள் தாங்களே வெட்டி, வாரக் கணக்கில் அடுக்குவார்கள். 1963-ல் ஜனாதிபதி கென்னடி கொலையுண்டபோது மட்டும் கொளுத்தாமல் பிரித்துவிட்டார்கள். 1999 நவம்பர் 18-ந் தேதி அதிகாலையில், அடுக்கிக் கொண்டிருக்கும்போதே அந்தக் குவியல் சரிந்தது. 12 பேர் மாண்டார்கள். 27 பேர் காயமடைந்தார்கள். எட்டு நாள் கழித்துப் பந்தயம். ஆஸ்டின் மாணவர்கள் எதிரியைச் சபிப்பதற்காக வருஷந்தோறும் கூட்டும் கூட்டத்தை அவ்வருஷம் துக்கக் கூட்டமாக மாற்றி, மெழுகுவத்தி ஏற்றினார்கள். பந்தயத்தன்று ஆஸ்டின் பாண்டு வாத்தியக்காரர்கள் மைதானத்தின் நடுவில் வந்து, இறந்தவர்களுக்காக வாசித்துவிட்டுத் தலையிலிருந்த தொப்பிகளைக் கழற்றிக் கொண்டு மௌனமாகத் திரும்பிப் போனார்கள். அன்று ஏ அண்டு எம் 20-க்கு 16 என்று ஜயித்தது. ஜயித்த கணக்கை மறந்தவர்கள் கூட அந்தத் தொப்பிகளை மறக்கவில்லை. அந்தத் துக்கத்தை எத்தனையோ ஊர்க்காரர்கள் விசாரித்தார்கள். ஆனால் நூறு வருஷமாக எதிர்த்து நின்றவன் வந்து விசாரித்ததற்கு இருந்த அர்த்தம் வேறொருவருடைய விசாரணைக்கும் கிடையாது.

அப்படிப்பட்ட சந்திப்பு 2012 முதல் 2023 வரையில் நடக்கவே இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இரு கல்லூரிகளிலும் சேர்ந்து, படித்து, பட்டம் வாங்கிக் கொண்டு போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். அவர்கள் பாட்டில் எதிரியின் பெயரைப் பாடினார்கள். எதிரியை மட்டும் பார்த்ததில்லை!

இதற்கு ஒரே சங்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியம் கூட இல்லை. தென் கரோலினா சர்வகலாசாலை 1971-ல் கிளெம்ஸன் இருந்த சங்கத்தை விட்டுப் பிரிந்து தனியாகப் போயிற்று. ஆயினும் இரண்டும் வருஷந்தோறும் ஆடுவதை நிறுத்தவில்லை. 2020-ல் கொள்ளை நோய் வந்துதான் ஒரு வருஷம் நின்றது. ஜார்ஜியாவும் ஜார்ஜியா டெக்கும் அப்படியே. அடுப்பு தனியானாலும் தீபாவளிக்குக் கூடுகிற குடும்பங்கள் அவை. டெக்ஸாஸ் குடும்பத்துக்கு அந்தப் பெருந்தன்மை இல்லாமற் போயிற்று. இரண்டு பிடிவாதக்காரர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைக்க மூன்றாவது மனிதர் வேண்டியிருந்தது. சங்கம் அட்டவணை போட்டுவிட்டால் "இடமில்லை" என்று கதவைச் சாத்த எவராலும் முடியாது. தென்கிழக்குச் சங்கம் பணத்துக்காகவே இந்தக் காரியத்தைச் செய்தது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. எனினும் காரியம் நடந்துவிட்டது.

வந்தவர் எப்படி வந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். பழைய சண்டைக்குக் காரணமான அந்தத் தனி டெலிவிஷன் நிலையம் 2024 ஜூன் மாதம் 30-ந் தேதியோடு மூடப்பட்டது. 20 வருஷ ஒப்பந்தம் 13 வருஷத்தில் முடிந்தது. மறுநாள் காலையில் ஆஸ்டின் மற்றவர்களோடு சமபங்குக்காரராகத் தென்கிழக்குச் சங்கத்தில் நுழைந்தது. 2011-ல் ஏ அண்டு எம் கேட்டதும் அதுதானே? கேட்டது கிடைத்தது, என்ன, கொஞ்சம் தாமதம்.

இந்தக் கொண்டாட்டத்தில் வெளியே நிற்கிறவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஓக்லஹாமா சர்வகலாசாலை ஆஸ்டினுடன் கைகோத்துக் கொண்டு போனதல்லவா? அதன் சொந்த ராஜ்யத்துப் பங்காளியான ஓக்லஹாமா ஸ்டேட், பழைய சங்கத்திலேயே நின்றுவிட்டது. நூறாண்டுக்கு மேலாக வருஷந்தோறும் நடந்து வந்த அவர்கள் பந்தயம் 2023 நவம்பரில் நின்று போயிற்று. அந்தக் கடைசிப் பந்தயத்தில் ஓக்லஹாமா ஸ்டேட் 27-க்கு 24 என்று ஜயித்தது. ஜயித்த மாணவர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து கூத்தாடினார்கள். அடுத்த வருஷம் அதே வாரம் யாருக்காகக் காத்திருப்பது என்று அப்போது யோசித்தார்களோ என்னவோ! "பங்காளி வந்தால் நமக்கு நன்மையா?" என்று காலேஜ் ஸ்டேஷனில் கேட்கிறவர்களை, ஓக்லஹாமா ஸ்டேட் இருக்கும் ஸ்டில்வாட்டர் ஊர்க்காரர்கள் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

2026 முதல் தென்கிழக்குச் சங்கத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் 9 சங்கப் பந்தயங்கள். அவற்றில் 3 எதிரிகள் வருஷந்தோறும் மாறாதவர்கள். ஏ அண்டு எம்முக்கு ஏற்பட்ட மூவர் லூயிஸியானா ஸ்டேட், மிஸ்ஸௌரி, ஆஸ்டின். முறைப்படி 2026-ஆம் வருஷப் பந்தயம் காலேஜ் ஸ்டேஷனில், லட்சத்துக்கு மேல் ஆசனங்கள் உள்ள கைல் மைதானத்தில் நடக்க வேண்டும். அந்த மைதானத்தில் ஏ அண்டு எம் கடைசியாக ஆஸ்டினை வென்றது 2007-ல். கணக்கு 38-க்கு 30.